படிக்கிறார் என்று சொன்னேன்

பெரியவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நாங்க எழுதி அனுப்புறத அவர் படிக்கிறாரா, தம்பி?" அவர் வாயில் வந்த ஆங்கிலச் சொல் 'சன்', மகனே என்று. தம்பி என்று எழுதினால்தான் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது. "படிக்கிறார் சார்" என்றேன். "அப்போ சரி" என்றார். நடந்தது இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

'அவர்' என்பது நான் வேலை பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஏடி. அத்லெடிக் டைரக்டர். நீச்சல், படகு, பெண்கள் வாலிபால் என்று பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் ஊரைப் பொறுத்தவரை, அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சை வேலைக்கு வைத்தவர், இன்னும் வேலையை விட்டு அனுப்பாதவர். 2023 நவம்பரில் நாங்கள் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றிருந்தோம். ஐந்தாவதில் நான்கு குவார்ட்டரில் மூன்றாவது முடியும் முன்பே மாணவர் பகுதி காலி.

அந்த வாரம் மட்டும் வந்த மின்னஞ்சல்கள் ஆயிரத்தைத் தாண்டின. அவற்றைத் தொகுத்து ஒரு பக்கத்தில் கொடுக்கச் சொன்னார்கள். என் வேலை டிக்கெட் ஆபீஸில் டேட்டா பார்ப்பது. எக்செல் தெரிந்தவனிடம்தானே எல்லாம் வந்து சேரும். கெட்ட வார்த்தை எத்தனை, கோச்சை மாற்று எத்தனை, ஏடியே போ எத்தனை என்று பிரித்தேன். பிறகு எதன்படி வரிசைப்படுத்துவது என்று யாரும் சொல்லாமலே, நன்கொடைப்படி வரிசைப்படுத்தினேன்.

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும். கீழ்வரிசையில் நல்ல இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் காசு மட்டும் போதாது. விளையாட்டுக்குக் காசு திரட்டும் பூஸ்டர் கிளப்புக்கு வருடாவருடம் நன்கொடை கட்ட வேண்டும். 2017 வரை அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரிவிலக்கு இருந்தது. புது வரிச் சட்டம் 2018 முதல் அதை முழுக்க எடுத்துவிட்டது. அதிலிருந்து எங்கள் ஆபீஸில் 'டோனர்' என்ற சொல்லை எல்லோரும் ஒருவிதப் பயத்தோடுதான் உச்சரிப்பார்கள். பெரியவருக்கு மேல்தளத்தில் இரண்டு இருக்கை, நாற்பது வருடத்துக்கு மேல். அங்கே நன்கொடை தேவையில்லை. ஆகவே என் பட்டியலில் அவர் எங்கோ அடியில் கிடந்தார். பக்கத்தின் கீழே "மற்றவர்கள்" என்று ஒரு வரி போட்டு எண்ணிக்கையை எழுதினேன். அந்த எண்ணுக்குள் அவர் ஒரு ஆள்.

திங்கட்கிழமை காலை ஏடி அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். நான் கதை எழுதினால் இவரை வில்லனாக்கிவிடுவேன் என்று எனக்கே பயம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆறரைக்கே ஆபீஸுக்கு வந்துவிடுகிற மனிதர், காயம்பட்ட மாணவர்களின் பெற்றோருக்குக் கையால் கடிதம் எழுதுகிறவர். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு கேட்டார்: "2021 டிசம்பர்ல இதே ஆளுங்க என்ன எழுதினாங்கன்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

2021 நவம்பர் கடைசியை நினைவிருக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். லிங்கன் ரைலி என்ற பெரிய கோச் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டு யுஎஸ்சிக்கு (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனார். அடுத்த நாளே இன்னொரு பெரிய கோச் பிரையன் கெல்லி நோட்ர டேமிலிருந்து எல்எஸ்யுவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போகும் செய்தி. அதே மாதம் மிச்சிகன் ஸ்டேட் தன் கோச்சுக்குப் பத்து வருடத்துக்கு 9.5 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டது. அந்த வருடம் எங்கள் கோச்சும் நன்றாக ஜெயித்திருந்தார். அவருடைய ஏஜென்ட் யாரோ ஒரு பத்திரிகையாளருக்கு ஒரு போன் போட்டால் போதும்: 'இன்னொரு பல்கலைக்கழகம் கண் வைத்திருக்கிறது.' ஊர் முழுக்கப் பதறியது. எங்கள் ஏடி ஒப்பந்தத்தை நீட்டினார், பைஅவுட்டோடு சேர்த்து. அதாவது இடையில் அனுப்பினால், மிச்ச வருடங்களின் சம்பளத்தில் பெரும்பங்கை வீட்டிலிருக்கிறவருக்குக் கட்ட வேண்டும்.

இப்படிக் கட்டுவதில் எங்களைவிடப் பெரிய கைகள் உண்டு. நாங்கள் ஐந்தாவது ஆட்டம் தோற்ற அதே வார இறுதியில்தான் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியது, கணக்கு 7.5 கோடி டாலருக்கு மேல். அதற்கு முந்தைய வருடம் நெப்ராஸ்கா, தன் கோச் ஸ்காட் ஃப்ராஸ்டை செப்டம்பர் 11 அன்று அனுப்பியது. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் பைஅவுட் 1.5 கோடியிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். பொறுக்கவில்லை. ரசிகரின் கோபத்துக்கு இருபது நாளில் 75 லட்சம் டாலர் விலை. எங்களிடம் அந்தக் காசு இல்லை. அதை வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் அடுத்த வருடம் சேரவிருக்கும் பையன்கள் வேறு இடம் பார்ப்பார்கள்; இருக்கிற பையன்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுப்பார்கள்.

புதன்கிழமை எல்லோர் கையிலும் ஒரு பட்டியலும் ஹெட்செட்டும் கொடுத்தார்கள். எழுதியவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்; முடிந்தால் அடுத்த சீசனுக்குப் புதுப்பிக்க வைக்க வேண்டும். சுவரில் வெள்ளைப் பலகை. ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே கோடு விழும். டோனர்களை மேலதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். என் பங்குக்கு மேல்தளம்.

பெரியவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலில் சூடே இல்லை. முதலில் கோச்சைப் பற்றிப் பேசவில்லை, எண்ணிக்கையைப் பற்றிப் பேசினார். சனிக்கிழமை ஒலிபெருக்கியில் சொன்னீர்களே ஒரு எண், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "முப்பது வருஷம் பஸ்ஸுல தலை எண்ணியிருக்கேன். என் வரிசையிலயும் முன்னாடி ரெண்டு வரிசையிலயும் ஒன்பது பேர். அரைக் கூட்டம் இருந்தாலே அதிசயம்."

அவர் சொன்னது சரி. எனக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு எண்களுமே என் கணினியில் இருக்கும். அறிவிப்பது விற்ற டிக்கெட், கொடுத்த டிக்கெட், எல்லாம் சேர்த்து. வாசலில் ஸ்கேன் ஆனது வேறு எண், அதை யாரும் ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. நாடு முழுக்க இப்படித்தான். "அது டிக்கெட் கணக்கு சார்" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிந்ததும்தான் அந்தக் கேள்வி வந்தது.

கேள்வி வரும்போது என் திரையில் என்ன இருந்தது என்பதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஏடி சொன்னது நினைவுக்கு வந்து, அவர் பெயரில் பழைய மின்னஞ்சல்களைத் தேடியிருந்தேன். 2021 டிசம்பரில் ஒன்று. மூன்று வரி. இந்தக் கோச்சை விட்டுவிடாதீர்கள், என்ன செலவானாலும் பிடித்து வையுங்கள் என்று. அதே நிதானமான ஆங்கிலம், அதே கையெழுத்திடும் முறை.

சொல்லியிருக்கலாம். "சார், ரெண்டு வருஷம் முன்னாடி நீங்களே கேட்டதுதானே இது?" சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு நானே பலவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். வயதான மனிதரை மடக்குவது மரியாதை இல்லை. வாடிக்கையாளரிடம் வாதம் கூடாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் மடங்கிவிட்டால் புதுப்பிக்க மாட்டார் என்பதும் உண்மை.

அதற்குப் பதில், படிக்கிறார் என்றேன்.

கொஞ்ச காலம் இதை இப்படி ஆற்றிக்கொண்டேன்: நான் ஆங்கிலத்தில் 'ரீட்ஸ்' (படிக்கிறார்) என்று சொல்லவில்லை, 'சீஸ்' (பார்க்கிறார்) என்றுதான் சொன்னேன். எல்லாவற்றையும் பார்க்கிறார். அது பொய்யில்லையே, தொகுத்த பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தாரே. ஆயிரம் கடிதத்தை ஒரு மனிதர் வேறு எப்படிப் படிப்பது? முதல்வரின் தனிப்பிரிவுக்கு மனுப் போடுகிறோம், முதல்வரா பிரித்துப் படிக்கிறார்? இப்படியே போய்க்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அவருடைய கணக்கைத் திறந்தபோது அழைப்புக் குறிப்பு கண்ணில் பட்டது. என் பெயரின் முதலெழுத்துகள், தேதி, கீழே நானே தட்டச்சு செய்தது: ஏடி எல்லா மின்னஞ்சலையும் படிக்கிறார் என்று சொன்னேன், புதுப்பிக்கச் சம்மதம், 2 இருக்கை. 'ரீட்ஸ்' என்றுதான் இருக்கிறது. அன்றைக்கு வெள்ளைப் பலகையில் எனக்கு விழுந்த கோடு அதற்குத்தான்.

சரி, படித்திருந்தால் மட்டும்? இந்தக் கேள்விக்கும் எனக்கு ஒரே பதில் நிற்பதில்லை. ரசிகர் சொல்லை அப்படியே கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு டென்னசி பல்கலைக்கழகம் இருக்கிறது. 2017 நவம்பரில் கிரெக் ஷியானோவைக் கோச்சாக்கப் போகிறார்கள் என்று செய்தி கசிந்தது. ஊரே கொதித்தது, சில மணி நேரத்தில் அந்தப் பேச்சு செத்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஏடி ஜான் கரியின் வேலையும் போனது. ரசிகர்கள் கொண்டாடும் பழைய கோச் ஃபிலிப் ஃபுல்மர் ஏடி ஆனார். அவர் கொண்டுவந்த ஜெரமி ப்ரூயிட் 2021 ஜனவரியில் விதிமீறல் புகாரில் அனுப்பப்பட்டார். பின்னால் பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம். பாருங்கள், கூட்டம் தேர்வு செய்தால் இப்படித்தான் என்று நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அடுத்த கோச் 2022-இல் அலபாமாவை 52-49 என்று ஜெயித்தார். ரசிகர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டார்கள். அன்று களத்தில் இறங்கியவர்களிடம் போய், 2017-இல் நீங்கள் கத்தியது தப்பு என்று யார் சொல்வது?

எங்கள் வீட்டில் தோல்வி வேறுமாதிரி. 1999 சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது என்று இன்றும் பேசுகிறார்கள். அப்பா டிவியை அணைத்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. யாருக்கும் எழுதவும் இல்லை. யாருக்கு எழுதுவார்? வாரியத்தில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. இங்கே கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது, அந்த முகவரியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்புகிறார்கள். வந்த புதிதில் அதுவே எனக்குப் பெரிய நாகரிகமாகத் தெரிந்தது. அந்த முகவரியில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஏடி கணக்கு ஒரு விதத்தில் சரியாகவே இருந்தது. அடுத்த பிப்ரவரியில் பார்த்தபோது திட்டி எழுதியவர்களில் பெரும்பாலோர் புதுப்பித்திருந்தார்கள். சத்தமில்லாமல் போனவர்கள் ஒரு வரிகூட எழுதாதவர்கள்தான். அதைப் பார்த்து, நான் சொன்ன பொய் ஒன்றும் பெரிதில்லை, பெரியவர் எப்படியும் புதுப்பித்திருப்பார் என்று தோன்றியது. அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கியது. எப்படியும் புதுப்பிக்கப் போகிறவரிடம் ஏன் பொய் சொன்னேன் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்தது.

கோச்சை 2024 நவம்பரில் அனுப்பினார்கள். சில மாதங்களில் ஏடியும் வேறு வேலைக்குப் போனார், நல்ல வேலைக்கே. 2025 அக்டோபரில் எல்எஸ்யு பிரையன் கெல்லியை 5 கோடி டாலருக்கு மேல் பைஅவுட்டோடு அனுப்பியது. அடுத்த கோச்சை ஏடி தேர்வு செய்யமாட்டார் என்று மாநில ஆளுநரே வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் ஏடி ஸ்காட் உட்வர்டும் வெளியே. பல வருடங்களுக்கு முன் ஏ அண்ட் எம்முக்கு ஃபிஷரைக் கொண்டுவந்தவரும் இதே உட்வர்டுதான். செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் ஏடி ஞாபகம் வரவில்லை, பெரியவர் ஞாபகம்தான் வந்தது. ஒரு ஆளுநர் சொன்னால் ஏடிக்கு உடனே காதில் விழுகிறது என்று அவர் அதே நிதானத்தில் சொல்லியிருப்பார்.

2024 சீசனில் ஊரில் ஏழு ஆட்டம். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கேன் கோப்பு வரும். வேலைக்காகத் திறப்பேன், அப்படியே மேல்தளத்தில் அந்த இரண்டு இருக்கை எண்களையும் தேடுவேன். முதல் ஆட்டம், ஸ்கேன் இல்லை. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது, மூன்றாவது, இல்லை. பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் ஆட்டத்துக்கு நாற்பது வருடமாக வருகிறவர் வராமலா இருப்பார் என்று பார்த்தேன். இல்லை. டிக்கெட்டை யாருக்காவது கொடுத்திருந்தாலும் ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும். ஏழிலும் இல்லை.

அவர் எண் கணக்கிலேயே இருந்தது, ஹெட்செட்டும் மேசையில் இருந்தது. கூப்பிடவில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்த ஏழு எண்களிலும் அவருக்கு இரண்டு இருக்கை சேர்ந்திருந்தது. சேர்த்துக் கொடுத்தவன் நான்.