சரி தம்பி

அந்த அம்மாவிடமிருந்து வந்த கடைசிப் பதிலில் இரண்டே சொற்கள். "சரி தம்பி". முற்றுப்புள்ளிகூட இல்லை. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இடையில் ஒரு தொடரை முடித்து இன்னொன்றைத் தொடங்கியும்விட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் சந்தாதாரர்களுக்கு அத்தியாயத்தை அனுப்ப உட்காரும்போதெல்லாம் அந்த இரண்டு சொற்களும் வந்து நிற்கின்றன.

அவர் எழுதிய கடிதம் இது.

"தம்பி, உங்க நாவல் இலவசமா கிடைக்குதுன்னு பேத்தி போன்ல இறக்கிக் குடுத்தா. கண்ணு சரியில்ல, எழுத்தைப் பெரிசாக்கி மூணு நாளா படிச்சேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தோட நின்னுடுச்சு. இது 96ல வந்தப்பவே படிச்ச கதைதான். நாங்க லெண்டிங் லைப்ரரி வச்சிருந்தோம். எஸ்டேட்டு, மழை, அந்த நாய் எல்லாம் ஞாபகம் இருக்கு. கொலை பண்ணினது யாருங்கறது மட்டும் மறந்துபோச்சு. அதை மட்டும் சொல்லிடுங்க, போதும். எங்க கடையில கடைசிப் பக்கம் கிழிஞ்ச புத்தகத்தை எடுத்துட்டுப் போனவங்க திரும்பி வந்து கேப்பாங்க. வாசல்ல நிக்கவச்சே முடிவைச் சொல்லி அனுப்பிடுவேன்."

நான் எழுதிய பதில்: "வணக்கம் அம்மா. இத்தனை வருஷம் கழித்தும் என் நாவலை நினைவில் வைத்திருக்கிறீர்கள், மிக்க மகிழ்ச்சி. கடைசி மூன்று அத்தியாயங்களும் சந்தாதாரர்களுக்கு உடனே கிடைக்கும். மாதம் 99 ரூபாய்தான். லிங்க் கீழே."

இது இயந்திரம் தானாக அனுப்பிய பதில் என்றால் மனசு இவ்வளவு உறுத்தியிருக்காது. நானே தட்டியது. இரவு பத்தரை மணிக்கு, அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கொலைகாரன் பெயரை ஒருமுறை அடித்து, அதை அழித்துவிட்டு எழுதிய பதில்.

ஏன் அழித்தேன்?

உடனே வருகிற பதில், நியாயம். மூன்று மாதத்தில் 1,312 பேர் ஈமெயில் முகவரி கொடுத்து அந்தப் பத்தொன்பது அத்தியாயங்களை இறக்கிக்கொண்டார்கள். அவர்களில் 74 பேர் பணம் கட்டி மிச்சத்தைப் படித்தார்கள். கேட்ட ஒருவருக்கு மட்டும் சும்மா சொல்வது அந்த 74 பேருக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்தேன். இப்போதும் அது முழுக்கத் தவறென்று தோன்றவில்லை. ஆனால் அந்த 74 பேரும் அவரும் ஒன்றா? அவர்களுக்கு அது புதுக்கதை. இவர் படித்து முடித்து, மறந்துபோன ஒரு பெயரைக் கேட்கிறார்.

நாவலை இரண்டாக வெட்டியது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழி காட்டியது என் அக்கா மகன். வெளிநாட்டில் த்ரில்லர் எழுதுகிறவர்கள் ஒரே துப்பறிவாளரை வைத்து ஏழெட்டு நாவல் எழுதி, முதல் நாவலை முழுசாக இலவசமாகக் கொடுத்து ஈமெயில் முகவரியை வாங்கிக்கொள்வார்களாம். பிடித்துப்போனவர் இரண்டாவதைக் காசு கொடுத்து வாங்குவார். நல்ல முறைதான். எனக்குப் பொருந்தவில்லை. நான் மாத நாவலில் வளர்ந்தவன். மாதம் ஒரு கதை, மாதம் ஒரு ஊர், மாதம் ஒரு பிணம். ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. முதல் நாவலை முழுசாகக் கொடுத்தால் அடுத்ததைத் தேடி வர வாசகருக்கு ஒரு காரணமும் இல்லை. "அப்போ ஒரே நாவலை ரெண்டா வெட்டுங்க மாமா" என்றான். அன்றைக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது.

வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு கணக்கும் போட வேண்டியிருந்தது. அந்த நாவல் அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில், கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் இருந்தது. அதில் சேர்த்துவிட்டால் 90 நாளைக்கு மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. அந்த 90 நாளில் ஐந்து நாள் அங்கேயே இலவசமாக விடலாம். விட்டும் பார்த்தேன், நிறையப் பேர் எடுத்தார்கள். ஆனால் எடுத்தவர் யார், எந்த ஊர், பிடித்ததா என்று எழுதுகிறவனுக்குத் தெரிய வழியில்லை. எண்ணிக்கை வரும், முகம் வராது. வெளியே எடுத்தாலோ இந்திய விற்பனைக்குக் கிடைக்கும் ராயல்டி எழுபது சதவீதத்திலிருந்து முப்பத்தைந்தாக இறங்கிவிடும். இவ்வளவும் தெரிந்துதான் எடுத்தேன். வாசகர் என்னிடம் நேராக வரவேண்டும், கூப்பிட்டால் பேச வேண்டும் என்ற ஆசைக்குக் கொடுத்த விலை அது.

அப்படி வந்து முதன்முதலில் பேசியவர் அந்த அம்மா. மற்றவர்கள் எழுதியதெல்லாம் லிங்க் திறக்கவில்லை, ஃபைல் வரவில்லை என்ற வகைதான். கதையைப் பற்றி எழுதியவர் இவர் ஒருவர்.

இன்னொரு எண்ணமும் அன்றிரவு வந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் பொருளில்லை. கடிதத்தில் 'லெண்டிங் லைப்ரரி' என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அந்த நாவலுக்கு 1996இல் எனக்குக் கிடைத்தது ஒரே தடவையாக 1,500 ரூபாய். பிறகு இரண்டு முறை மறுபதிப்பு வந்தது, ஒரு பைசா வரவில்லை. வாடகை நூலகங்களில் மூன்று நாவலைச் சேர்த்து அட்டை போட்டுத் தைத்து, பக்கம் பழுப்பேறி உதிரும்வரை சுற்றில் விடுவார்கள். ஒரு பிரதியை நூறு பேராவது படித்திருப்பார்கள். ஒவ்வொருவரும் வாடகை கொடுத்திருப்பார்கள், அதில் எழுதியவனுக்குப் பங்கு கிடையாது. பிரிட்டனில் 1979இலேயே சட்டம் போட்டார்கள். பொது நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் போனால் அதற்காக அரசு எழுத்தாளருக்கு ஒரு சிறு தொகை கொடுக்கும். இங்கே பொது நூலகத்துக்கே அப்படி ஒரு சட்டமில்லை, வாடகைக் கடையை யார் கேட்கப்போகிறார்கள்? 'இத்தனை வருஷம் என் புத்தகத்தை வைத்துப் பிழைத்தவர், 99 ரூபாய் கொடுத்தால் என்ன' என்று நினைத்தேன். நினைத்த கையோடுதான் பெயரை அழித்தேன்.

அதே மூச்சில் நினைத்திருக்க வேண்டிய ஒன்றை அப்போது நினைக்கவில்லை. அந்தக் கடைகள் இல்லையென்றால் என்னை யார் படித்திருப்பார்கள்? பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும்போது காசு கொடுத்து வாங்கியவர்களைவிட, சைக்கிளை நிறுத்திவிட்டு வாடகைக்கு எடுத்துப் போனவர்கள்தான் அதிகம். அடுத்த மாதம் என் பெயரைச் சொல்லிக் கேட்டவர்களும் அவர்கள்தான். அந்தப் பெயர் இருந்ததால்தான் பதிப்பகம் என்னை மறுபடி மறுபடி எழுதக் கூப்பிட்டது.

கடைசிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாடகை நூலகத்தில் க்ரைம் நாவல் எடுத்தவர்களுக்கெல்லாம் அந்தப் பயம் உண்டு. யாராவது முதல் பக்கத்தில் பேனாவால் கொலைகாரன் பெயரை எழுதி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கடைசிப் பக்கம் இருக்காது. வாசகனாக இருந்தபோது அந்தக் கிழித்த கையை நானும் திட்டியிருக்கிறேன். என் நாவலின் கடைசிப் பக்கங்களை நானே கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை, "வாசல்ல நிக்கவச்சே சொல்லி அனுப்பிடுவேன்" என்ற வரியை மூன்றாம் தடவை படித்தபோதுதான் உணர்ந்தேன். அதற்குள் என் பதில் போய்விட்டிருந்தது.

'தொடரும்' போடுவது நம் ஊரில் புதிதா என்று கேட்டுக்கொள்கிறேன். வாரப் பத்திரிகைகள் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நடந்தன. கதாநாயகியைக் கிணற்று விளிம்பில் நிறுத்திவிட்டு ஏழு நாள் காக்க வைப்பார்கள், வாசகர்களும் சந்தோஷமாகவே காத்திருந்தார்கள். நான் செய்தது மட்டும் எப்படித் தப்பாகும்? இந்த வாதத்தைப் பல நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். தொடர்கதை படிப்பவருக்கு அது தொடர்கதை என்று முதல் வாரமே தெரியும். நான் அட்டையில் 'இலவச நாவல்' என்று போட்டிருந்தேன். மூன்று அத்தியாயம் குறையும் என்பது பத்தொன்பதாவது முடியும் இடத்தில்தான் தெரியும். வாதம் அந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

இத்தனைக்கும் அந்த நாவலின் முழு ஸ்கேன் பிடிஎஃபாக டெலிகிராமில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு வேறு வேறு பிரதிகளை நானே பார்த்திருக்கிறேன். பேத்தி இரண்டு நிமிடம் தேடியிருந்தால் முடிவு கிடைத்திருக்கும். திருடிப் படித்தவர்களுக்கெல்லாம் கொலைகாரன் யாரென்று தெரியும். எழுதியவனையே கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தவருக்கு நான் விலை சொன்னேன்.

"சரி தம்பி" வந்தது மறுநாள் காலை. அடுத்த இரண்டாம் நாள் 99 ரூபாய் வந்தது. மூன்று அத்தியாயமும் தானாகவே போய்ச் சேர்ந்தன. ஆக, அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது, எனக்குப் பணமும் கிடைத்தது. அதற்குப்பின் நான்கு வெள்ளிக்கிழமை புதுத் தொடர் போனது. அடுத்த மாதப் பணம் வரும் தேதிக்கு முன்னால் சந்தாவை நிறுத்திவிட்டார்.

கோபமா? வருத்தமா? இரண்டும் இல்லாமல், வேண்டியது கிடைத்தது போதும் என்று நிறுத்தினாரா? ரிசர்வ் வங்கி விதிப்படி மாதாமாதம் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போய்விடும். அந்தத் தகவலைப் பார்த்த கையோடு நிறுத்துகிறவர்கள் ஏராளம். பேத்தியே 'இது எதுக்குப் பாட்டி' என்று நிறுத்தியிருக்கலாம். கடைசி அத்தியாயம் போன மெயிலை அவர் மூன்று முறை திறந்ததாக, மெயில் அனுப்பும் தளத்தின் கணக்குப் பக்கம் காட்டுகிறது. அதை வைத்து ஒருநாள் ஆறுதல்பட்டுக்கொண்டேன், மூன்று முறை படித்திருக்கிறாரே என்று. ஆனால் 2021இல் ஐஃபோனின் மெயில் செயலியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஆள் திறக்காத மெயிலையும் திறந்ததாகக் காட்டும் என்கிறார்கள். பேத்தியின் போன் எதுவென்று எனக்குத் தெரியாது.

என்னோடு அந்தக் காலத்தில் எழுதிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நானா இருந்தா 99 ரூபா கேட்டிருக்க மாட்டேன்யா" என்றார்.

"பேரைச் சொல்லியிருப்பியா?"

"அதுவும் மாட்டேன். பதிலே போட்டிருக்க மாட்டேன்."

அப்போது கொஞ்சம் இலேசாக இருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் அந்த இலேசும் போய்விட்டது. பதில் போட்டதால்தானே "சரி தம்பி" வந்தது? சும்மா இருந்திருந்தால், கடிதம் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். தம்பி என்று நம்பிக் கூப்பிட்டவர் அந்தத் தம்பியை அப்படியே வைத்திருந்திருப்பார்.

என் மனைவி வேறு மாதிரி சொன்னாள். "உங்க கதையில பேர் மட்டும் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? ஏன் கொன்னான்ங்கறதுதானே கதை." உண்மைதான். பெயர் இருபதாவது அத்தியாயத்தில் வந்துவிடும். அடுத்த இரண்டும் அவன் எதற்காகச் செய்தான் என்பது. பெயரை மட்டும் சொல்லியிருந்தால் அந்த அம்மா அந்த இரண்டையும் படிக்காமலே விட்டிருப்பார். அவர் மறந்ததும் அதைத்தானோ என்னவோ. முழுசாகப் படிக்க வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சில நாள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குப்பின் நாவலை முழுசாகவே இலவசமாகக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதம். முகவரி கொடுத்தவர்கள் கூடினார்கள், நன்றி என்று சிலர் எழுதினார்கள். புதுச் சந்தா ஐந்துதான். ஒரு வாரத்து அத்தியாயத்துக்கு எனக்கு மூன்று முழுநாள் போகிறது. 74 பேர் மாதம் 99 ரூபாய் கொடுத்தால் 7,326 ரூபாய். அதை விட முடியவில்லை. மறுபடியும் வெட்டிவிட்டேன். இந்த முறை அட்டையிலேயே, 'முதல் பத்தொன்பது அத்தியாயங்கள் மட்டும்' என்று போட்டிருக்கிறேன். இது நேர்மை என்று நம்புகிறேன். அந்த அம்மாவின் கடிதத்துக்கு இது பதிலாகுமா என்று கேட்டால், ஆகாது.

போன வாரம் ஒரு பையன், கல்லூரியில் படிப்பவன் போலத் தெரிந்தது, எழுதியிருந்தான். "சார், பத்தொன்பது வரைக்கும் படிச்சிட்டேன். அந்த டாக்டர்தானே கொலைகாரன்? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க சார், நைட்டு தூக்கம் வரல."

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "டாக்டர் இல்லை தம்பி" என்று மட்டும் எழுதினேன். லிங்க் வைக்கவில்லை.