எங்கே கிளிக் செய்தாலும் ஒரு வளையம்: மவுஸ் ஹூக் எழுதிப் பார்த்தது

திரையைப் பதிவு செய்து பாடம் நடத்தும் வீடியோக்களில், எங்கே கிளிக் செய்தார்கள் என்று காட்ட ஒரு மஞ்சள் வளையம் வந்து மறையுமே, அதை சி ஷார்ப்பில் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். வின்ஃபார்ம்ஸின் (சி ஷார்ப்பில் ஜன்னல்கள் அமைக்கும் தொகுப்பு) மவுஸ்கிளிக் ஈவென்ட் இதற்கு உதவாது. நம் ஜன்னலுக்குள் விழும் கிளிக்கை மட்டும்தான் அது சொல்லும். பக்கத்தில் எக்செல்லில் கிளிக் செய்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

சரி, விண்டோஸிடமே கேட்டுவிடலாம். செட்விண்டோஸ்ஹூக்எக்ஸ் ஃபங்ஷனுக்கு 14 என்ற எண்ணைக் கொடுத்தால் லோ-லெவல் மவுஸ் ஹூக், அதாவது எந்த ஜன்னலுக்குப் போகும் மவுஸ் செய்தியையும் வழியிலேயே பார்க்கும் கொக்கி, கிடைக்கிறது. இதற்காக நம் டிஎல்எல்லை (கோட் கோப்பை) அடுத்த ப்ராசஸ்களுக்குள் நுழைக்க வேண்டியதில்லை, ஹூக் போட்ட த்ரெட்டுக்கே கால்பேக் (மவுஸில் ஏதாவது நடந்தால் விண்டோஸ் கூப்பிடும் நம் ஃபங்ஷன்) வந்துவிடும், ஆனால் அந்த த்ரெட்டில், வரும் செய்திகளை வரிசையாக எடுத்துப் பார்க்கும் மெசேஜ் லூப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இடது பட்டனை அழுத்தினால் 513 என்ற செய்தி எண் வரும், விட்டால் 514. கால்பேக்கைச் சுட்டும் டெலிகேட்டை, ப்ரோக்ராம் முடியும்வரை நிலைக்கும் ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்தேன். இல்லையென்றால் பயன்படாத நினைவகத்தைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்டர் என்றைக்காவது அதைத் தூக்கிவிடும், விண்டோஸ் இல்லாத ஒன்றைக் கூப்பிடும், ப்ரோக்ராம் படுத்துவிடும்.

வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் கால்பேக்குக்குள் ஒரு பிரேக்பாயின்ட் (ப்ரோக்ராமை அந்த வரியில் நிறுத்தி வைக்கும் குறி) வையுங்கள். கர்சர் திணற ஆரம்பிக்கும். கிளிக் மட்டுமல்ல, மவுஸின் ஒவ்வொரு அசைவும் நம் கால்பேக் பதில் சொல்லும்வரை வாசலில் நிற்கிறது. எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பது விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோலெவல்ஹூக்ஸ்டைம்அவுட் என்ற பெயரில் இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அதிகபட்சம் 1000 மில்லி செகண்ட்தான். விண்டோஸ் 7 முதல், மெத்தனமாக இருக்கும் ஹூக்கைச் சத்தமில்லாமல் கழற்றியும் விடுவார்கள், நமக்குத் தகவல்கூட வராது (இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை). ஆகவே கால்பேக்குக்குள் எக்ஸ், ஒய் இரண்டையும் க்யூவில் போட்டுவிட்டு உடனே கால்நெக்ஸ்ட்ஹூக்எக்ஸ் மூலம் அடுத்த ஹூக்குக்கு அனுப்பிவிடுகிறேன். வரைகிற வேலையெல்லாம் வேறு த்ரெட்டில்.

வளையம் வரையும் ஜன்னலிலும் ஒரு சிக்கல். டபுள் கிளிக்கின் இரண்டாவது கிளிக் கீழே இருக்கும் ஃபைலுக்குப் போகாமல் வளையத்தின் மேலேயே விழுந்துவிடும்! அந்த ஜன்னலுக்கு லேயர்ட், டிரான்ஸ்பரன்ட், நோ-ஆக்டிவேட் ஸ்டைல்களைக் கொடுத்ததும் கிளிக் ஊடுருவிப் போகிறது. ஹூக் தருவது அசல் பிக்சல் கணக்கு, அதனால் 150% ஸ்கேலிங் உள்ள மானிட்டரில் வளையம் தள்ளிப்போய் விழுந்தது. ப்ரோக்ராமின் மானிஃபெஸ்ட் கோப்பில் பெர்-மானிட்டர் வி2 (ஒவ்வொரு மானிட்டரின் ஸ்கேலிங்கையும் தனியாகக் கவனிக்கும் அமைப்பு) போட்டபின் இடத்தில் உட்கார்ந்தது.

அப்புறம் யோசித்தால், எனக்குக் கிளிக்கைத் தடுக்கவோ மாற்றவோ தேவையே இல்லை, கேட்டால் போதும். அதற்கு ரா இன்புட் (மவுஸ் தரும் தகவலை அப்படியே கேட்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறது: இன்புட்சிங்க் ஃபிளாகுடன் பதிவு செய்துகொண்டால் நம் ஜன்னல் பின்னால் இருந்தாலும் செய்தி வரும், நாம் தாமதித்தாலும் கர்சர் திணறாது. சாதாரண மவுஸுக்கு அது இடத்தைச் சொல்லாது, எவ்வளவு நகர்ந்தது என்றுதான் சொல்லும், எனவே கர்சர் இருக்கும் இடத்தை கெட்கர்சர்பாஸ் ஃபங்ஷனிடம் தனியாகக் கேட்க வேண்டும். இப்போது அதற்குத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். லினக்ஸ் பக்கம் இப்போதைக்குப் போவதாக இல்லை, அங்கே ஜன்னல்களைத் திரையில் காட்டும் வேலண்ட் இப்படி அடுத்த ஜன்னலின் கிளிக்கை எட்டிப்பார்க்கவே விடாது.