வில்லியம் ஹோயின் ஆட்ட ஏடு: இதுவரை வந்த நிலை

பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கணக்குகளைக் கையாலேயே போட்டுத் தொகுப்பது என் பொழுதுபோக்கு. இம்முறை எடுத்துக்கொண்டவர் வில்லியம் ஹோய். 1862-இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். மூன்று வயதில் மூளைக்காய்ச்சலால் செவித்திறனை முற்றிலும் இழந்தவர். கொலம்பஸ் நகரிலுள்ள காது கேளாதோர் பள்ளியில் முதல் மாணவராகத் தேறி, காலணி பழுதுபார்க்கும் கடை நடத்திவந்தவர், 1886-இல் விஸ்கான்சினின் ஆஷ்காஷ் அணியில் சேர்ந்தார். 1888 முதல் 1902 வரை உயர்நிலைப் போட்டிகளில் பெரும்பாலும் சென்டர் ஃபீல்டில் (மைதானத்தின் பின்பகுதியான அவுட்ஃபீல்டின் நடுவில்) நின்று, ஏறத்தாழ 1,800 ஆட்டங்கள் ஆடினார். 2,040-க்கு மேற்பட்ட ஹிட்களையும் (பந்தை அடித்து பேஸ் எனும் ஓட்டநிலையைப் பாதுகாப்பாக அடைவது) 600-ஐ நெருங்கும் ஸ்டோலன் பேஸ்களையும் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) சேர்த்தார்.

முதல் பக்கம் 1888, வாஷிங்டன் அணி. 503 முறை பேட் பிடித்து 138 ஹிட், வகுத்தால் சராசரி .274 வருகிறது. அதே ஆண்டில் 82 ஸ்டோலன் பேஸ்களுடன் நேஷனல் லீகில் முதலிடம் பெற்றார். ஆனால் எண்களை மட்டும் எழுதி வைத்தால் அந்த ஆண்டு விளங்காது. 1897 வரை, சக ஆட்டக்காரர் அடித்த பந்தில் வழக்கத்தைவிட ஒரு பேஸ் கூடுதலாக ஓடினாலும் அதை ஸ்டோலன் பேஸ் கணக்கில் சேர்க்க இடமிருந்தது. ஆகவே அந்த 82-ஐ இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இயலாது. மாறாக, அந்த ஆண்டு அவர் பெற்ற 69 ‘வாக்’ (walk, பந்தை அடிக்காமலேயே முதல் பேஸுக்குச் செல்லும் உரிமை) வாய்ப்புகளின் மதிப்போ கூடுகிறது. 1888-இல் வாக் பெற ஐந்து பால்கள் (அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே வீசப்பட்ட பந்துகள்) வேண்டும். நான்கு போதும் என்ற விதி மறு ஆண்டில்தான் வந்தது. பிட்சர் (பந்தெறிபவர்) பின்காலை ஊன்ற வேண்டிய கோடும் அப்போது, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 55½ அடித் தொலைவிலேயே இருந்தது; 1893-இல்தான் அது 60½ அடியாயிற்று. இவற்றையெல்லாம் கருதி, ஒவ்வொரு பக்கத்தின் வலப்புறத்திலும் அவ்வாண்டின் விதிகளுக்கென ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். ஏட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒருவரின் ஆட்டம் மாறியதா, ஆட்டமே மாறியதா என்பதை இந்தப் பத்தியே பிரித்துக் காட்டுகிறது.

1889-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஜூன் 19 மட்டும் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. இண்டியானாபோலிஸ் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில், அவுட்ஃபீல்டிலிருந்து நேராக ஹோம் பிளேட்டுக்குப் பந்தெறிந்து, ரன் எடுக்க அங்கே ஓடிவந்த மூன்று பேரை அவுட்டாக்கினார் ஹோய். பிளேட்டருகே அந்தப் பந்துகளைப் பிடித்த கேட்சர், பின்னாளில் மேலாளராகப் பெரும்புகழ் பெற்ற கானி மேக். அடுத்த இரண்டு பக்கங்களை விரைவிலேயே முடித்துவிட்டேன்: 1890-இல் பிளேயர்ஸ் லீகில் பஃபலோ, 1891-இல் அமெரிக்கன் அசோசியேஷனில் செயின்ட் லூயிஸ். பிறகு மீண்டும் வாஷிங்டன், சின்சினாட்டி, லூயிவில் எனப் பக்கங்கள் நீள்கின்றன.

எண்களுக்கு அப்பால் ஒன்றைச் செய்து பார்க்கவும் விரும்பினேன். தொடக்க நாள்களில், நடுவர் வாயால் சொன்ன தீர்ப்பு கேட்காததால் ஹோய் திரும்பி விசாரிப்பார். அவர் நிலைக்கு வருவதற்குள் பிட்சர்கள் அடுத்த பந்தை எறிந்துவிடுவார்கள். அதனால் மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளர், ஸ்ட்ரைக் (அடிக்கத்தக்க பந்தைத் தவறவிட்டது) என்றால் வலக்கையும் பால் என்றால் இடக்கையும் உயர்த்திக் காட்டும் ஏற்பாட்டை அவர் செய்துகொண்டார். நான் காதுகளை நன்றாக அடைத்துக்கொண்டு மட்டையுடன் நிற்க, நண்பர் ஒருவர் மென்பந்தை எறிந்தார். என் தம்பி மூன்றாம் பேஸ் பக்கம் நின்று கைகாட்டினான். வலக்கை பேட்டராக நின்றபோது தம்பி என் முதுகுப்புறம் இருந்தான். ஒவ்வொரு பந்துக்கும் உடலைத் திருப்பித்தான் அவனைப் பார்க்க முடிந்தது. இடக்கை பேட்டரைப் போல் பிளேட்டின் மறுபக்கம் மாறி நின்றதும் அவன் என் முகத்துக்கு நேரே வந்துவிட்டான். கண்ணைப் பிட்சரிடமிருந்து சற்றே நகர்த்தினால் போதும், அவன் கை தெரிந்தது. ஹோய் வலக்கையால் பந்தெறிபவர், ஆனால் இடக்கை பேட்டர். அந்த ஏற்பாடு அவருக்கு ஏன் அவ்வளவு இயல்பாகப் பொருந்தியது என்பது மைதானத்தில் நின்றபோதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

நடுவர்கள் கையசைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கமே ஹோயால்தான் வந்தது என்று பலர் எழுதுவதுண்டு. அவ்வழக்கத்தைப் பரப்பியவராகப் பேசப்படும் நடுவர் பில் கிளெம், நேஷனல் லீகுக்கு வந்தது 1905-இல். ஹோய் அங்கே கடைசியாக ஆடியது 1902-இல். ஆகவே இருவரையும் நேராக முடிச்சுப் போடும் கதையை ஏட்டில் சேர்க்கவில்லை. அவரைப் போற்ற உறுதியான செய்திகளே ஏராளமாக இருக்கின்றன. சின்சினாட்டியில் அவருக்கு அருகே நின்று ஆடிய சாம் க்ராஃபோர்ட் சொன்னதைச் சேர்த்திருக்கிறேன்: உயர எழும் பந்தைத் தானே பிடிக்கப்போவதாக இருந்தால் ஹோய் கீச்சென்று ஓர் ஒலி எழுப்புவாராம், அதைக் கேட்டு மற்றவர்கள் விலகிக்கொள்வார்களாம். தனக்குக் கேளாத ஒலியைப் பிறருக்காக எழுப்பி, மோதல் நேராமல் அவுட்ஃபீல்டைக் காத்தவர் அவர். சிறந்த ஆட்டக்காரர்களைப் போற்றும் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவருக்கு இன்னும் இடமளிக்காதது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

1901-ஆம் ஆண்டுப் பக்கமும் நிறைவுற்றது. அமெரிக்கன் லீகில் சிகாகோ அணி வாகை சூடிய அந்த ஆண்டில் அவருக்கு வயது 39. இப்போது கைவசம் இருப்பது 1902. அந்த மே மாதத்தில் சின்சினாட்டிக்காக ஆடிய ஹோய், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பிட்சர் லூதர் டெய்லரை எதிர்கொண்டார். டெய்லரும் காது கேளாதவர். ஹோய் சைகை மொழியிலேயே அவருக்கு வணக்கம் தெரிவித்தார். இந்தப் பக்கம் முடிந்ததும் டெய்லருக்கென்று தனி ஏடு தொடங்கவிருக்கிறேன்; பிட்சர் என்பதால் பத்திகளைப் புதிதாக வகுக்க வேண்டும், விதிகளுக்கான வலப்புறப் பத்தி மட்டும் அப்படியே இருக்கும்.