சிரிப்புக்கும் சேர்த்துத்தான் சம்பளம்

வேலையைப் பற்றிய சமூகவியல் பாடம் பெரும்பாலும் ஆடம் ஸ்மித்தின் குண்டூசிப் பட்டறையில்தான் தொடங்கும். ஆண்டு 1776. பத்துப் பேர் வேலையைப் பங்குபோட்டுச் செய்தால் ஒரே நாளில் 48,000 குண்டூசிகள். அப்புறம் மார்க்ஸ், அப்புறம் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் ஸ்டாப்வாட்சில் அளந்த டெய்லர். நல்ல விஷயங்கள்தான், ஆனால் பேச்சு முழுக்கக் கைவேலையைப் பற்றி. நான் பார்த்ததோ வாய்வேலை. கால் சென்டர்.

எனக்குப் பொருந்திய பாடம் 1983இல் வந்தது. ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இரண்டு தொழில்களை எடுத்துக்கொண்டார்: விமானப் பணிப்பெண்கள், கடன் வசூலிப்பவர்கள். முதலாமவர் எதிரில் இருப்பவரின் மனதைக் குளிர வைக்க வேண்டும், இரண்டாமவர் குறுகிப்போக வைக்க வேண்டும். இரண்டிலும் நிறுவனம் விலைக்கு வாங்குவது ஊழியரின் உணர்ச்சியையும் சேர்த்துத்தான். இதற்கு அவர் வைத்த பெயர் உணர்ச்சி உழைப்பு.

ஒரே கட்டடத்தில், ஒரே மாதிரி ஹெட்செட்டில், ஏறக்குறைய இந்த இரண்டையுமே நான் செய்திருக்கிறேன். கஸ்டமர் கேரில் இருந்தபோது, "நீங்க சிரிக்கிறது அந்தப் பக்கம் கேட்கணும்" என்பார் டீம் லீடர். வசூல் பிரிவுக்கு மாற்றியதும், "இவ்வளவு தன்மையா பேசினா பணம் வராது." தவணை தவறியவர் ஆஸ்பத்திரிச் செலவு என்று ஆரம்பித்தால் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். அவரே சங்கடப்பட்டு ஒரு தேதி சொல்லிவிடுவார். அந்த மௌனமும் பயிற்சியில் சொல்லித் தந்ததுதான். போனை வைத்ததும் திரையின் ஓரத்தில் நொடிகள் ஓடத் தொடங்கும். அதற்குள் குறிப்பு எழுதிவிட்டு, அடுத்தவரிடம் புதிதாகக் கறாராக வேண்டும். மண்வெட்டி வேலைக்கு டெய்லர் போட்ட கணக்கை இங்கே மனதுக்குப் போட்டிருந்தார்கள்.

ஹோக்ஷில்ட் இந்த நடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார். குரலையும் முகத்தையும் மட்டும் மாற்றிக்கொள்வது ஒன்று, உள்ளுக்குள்ளேயே அந்த உணர்ச்சியை வரவழைத்துக்கொள்வது இன்னொன்று. விமானத்தை உங்கள் வீட்டு வரவேற்பறையாக நினையுங்கள் என்று பணிப்பெண்களுக்குச் சொல்லித் தந்தது இரண்டாம் வகைக்காக. நிறுவனங்களுக்கு அதுதான் பிடிக்கும். என்னைக் கேட்டால் ஊழியருக்கு முதல் வகையே பாதுகாப்பு. என் பக்கத்து இருக்கைக்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் நிஜமாகவே வருத்தப்படுவார். அழைப்புகளுக்குத் தரும் மதிப்பெண்ணை அள்ளுவார், ஆனால் மதியத்துக்கு மேல் எங்களோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கு மதிப்பெண் சுமார், அரட்டைக்குக் குறைவில்லை.

இப்போது வீட்டில் யார் எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறார் என்பதையெல்லாம்கூட உணர்ச்சி உழைப்பு என்கிறார்கள். 2018இல் ஒரு பேட்டியில் ஹோக்ஷில்டே இதை ஏற்கவில்லை. சம்பளமில்லாத வீட்டுவேலை சின்ன விஷயம் இல்லை, சரி. ஆனால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் முதலாளி நம் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார். எங்கள் மதிப்பெண் தாளில் 'பரிவு' என்றே ஒரு கட்டம் இருந்தது, வசூல் பிரிவுத் தாளில் அதே இடத்தில் 'உறுதி'. பதிவான அழைப்பைக் கேட்டு வேறொருவர் அதை நிரப்புவார். அந்த மாத ஊக்கத்தொகை அதைப் பொறுத்துத்தான்.