ரொறன்ரோவில் சந்தைக்குப் போவது

ஸ்காபரோவில் எங்கள் சமையலுக்கு ஒன்றும் குறைவில்லை. முருங்கைக்காய், வாழைப்பொத்தி, இராசவள்ளிக்கிழங்கு எல்லாம் தமிழ்க்கடைகளில் கிடைக்கும். அதனாலோ என்னவோ, இங்கே வந்த நம்மவர்களில் பலர் இந்த ஊர் விவசாயிகளின் சந்தைப் பக்கம் போவதே இல்லை. "அங்கை விலை கூட, எங்கட சாமானும் இல்லை" என்பார்கள். விலை கொஞ்சம் கூடத்தான். இருந்தாலும் புதிதாக வந்து இறங்குகிற சொந்தக்காரர்களிடம், ஒரு சனிக்கிழமை விடியவே எழும்பிச் சந்தைக்குப் போய்வரச் சொல்வேன். இந்த மண்ணில் எது எப்போது விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்பதை விளைவித்தவரிடமே கேட்டு அறியலாம். பெரிய கடைகளில் கேட்க ஆளில்லை.

தொடங்குவதற்கு நல்ல இடம், நகரத்தின் நடுவில் இருக்கும் செயின்ற் லோறன்ஸ் சந்தை. 1803ஆம் ஆண்டிலிருந்து அந்த வட்டாரத்தில் சந்தை கூடுகிறது. வீதியின் தெற்குப் பக்கக் கட்டடத்தில்தான் முன்பு நகர மண்டபம் இருந்தது. இப்போது இறைச்சி, மீன், சீஸ் கடைகள். சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் அதற்குள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். விவசாயிகள் கூடுவது வீதியைக் கடந்தால் வரும் வடக்குக் கட்டடத்தில், சனிக்கிழமை மட்டும். பழைய வடக்குக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி முடியப் பல வருடங்கள் சென்றன. அதுவரை வேறிடத்தில் தற்காலிகக் கொட்டகையில் இருந்தவர்கள் 2025இல்தான் திரும்பி வந்தார்கள்.

மேசையில் இருப்பதெல்லாம் அந்த மேசைக்காரர் விளைவித்தது என்று நினைத்துவிடக்கூடாது. ஒருமுறை ஜூன் தொடக்கத்தில் ஒரு மேசையில் பீச் பழங்களைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற நம்மூர்ப் பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, நயாகரா பீச் ஆடி பிறக்காமல் வராது. மேசைக்குக் கீழை இருக்கிற பெட்டியை ஒருக்காப் பாருங்கோ." பெட்டியில் வேறு நாட்டின் பெயர் இருந்தது. எற்றோபிக்கோவில் 1954 முதல் இயங்கும் பெரிய மொத்தச் சந்தை ஒன்று உண்டு. அங்கே வாங்கிவந்து விற்பவர்களும் சில சந்தைகளில் இருக்கிறார்கள். அதில் குற்றம் இல்லை, விவசாயி கையால் வாங்குகிறோம் என்று நினைத்து வாங்குபவர்தான் ஏமாறுவார். ஆகவே தயங்காமல் கேளுங்கள்: இது உங்கள் தோட்டத்ததா? தோட்டம் எங்கே இருக்கிறது? சில மேசைகளில் 'மைபிக்' என்ற பலகை தொங்கும். தோட்டத்துக்கே ஆள் போய்ப் பார்த்து உறுதிசெய்த பிறகு கொடுப்பது அது.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், நான் வெங்காயம் நடுகிற வீட்டில் பிறந்தவள். யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் கழிவு என்று ஒரு வழக்கம் உண்டு. தோட்டக்காரன் கொண்டுபோகும் மரக்கறியில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் வராது, அப்படியே வெட்டிவிடுவார்கள். அப்பா சந்தையால் வந்து சைக்கிளை மதிலில் சாத்தும்போதே அன்றைக்குக் கிடைத்தது எவ்வளவு என்று அம்மாவுக்கு விளங்கிவிடும். இங்கே விளைவித்தவர் தன் மேசையில் தானே விலை எழுதி வைக்கிறார், நான் கொடுக்கும் காசு இடையில் ஒரு தரகரிடமும் போகாமல் அவருடைய பைக்குள் போகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். அதற்காக ஒன்றிரண்டு டொலர் கூடக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

கார் இருந்தால் வாட்டர்லூ பக்கம் செயின்ற் ஜேக்கப்ஸ் சந்தைக்கும் போய்வாருங்கள். வியாழனும் சனியும் கூடும். மெனனைற் கிறிஸ்தவக் குடும்பங்கள் குதிரை வண்டிகளில் வந்து இறங்குவதை அங்கே பார்க்கலாம். 2013இல் பிரதான கட்டடம் தீயில் முழுதாக எரிந்துபோக, 2015இல் புதிதாகக் கட்டினார்கள். மிகப் பெரிய சந்தை, வாங்கி விற்பவர்களும் உண்டு. மேலே சொன்ன கேள்விகள் அங்கேயும் வேண்டும். மேப்பிள் பாணி மட்டும் யோசிக்காமல் வாங்கலாம். ஒரு லீற்றர் பாணிக்கு ஏறக்குறைய நாற்பது லீற்றர் மரச்சாறு காய்ச்ச வேண்டும் என்று தெரிந்த பிறகு விலை கூட என்று சொல்ல மனம் வராது.

"எங்கட சாமான் இல்லை" என்பதும் முழுதும் சரியில்லை. ஜமேக்கா ஆட்கள் கலலூ என்று கட்டுக் கட்டாக வாங்கும் கீரையைக் கிட்டப் போய்ப் பாருங்கள், நம் தண்டுக்கீரையின் இனம்தான். கோடையில் ஒன்ராறியோவிலேயே விளைகிறது. அவர்கள் உப்புக்கருவாட்டோடு போட்டுச் சமைப்பார்கள். நான் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வேன், தண்டைப் பருப்போடு சேர்ப்பேன். விமானத்தில் வந்து வாடிப்போன கீரைக்கும் முதல்நாள் பிடுங்கிய கீரைக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். நயாகராப் பக்கம் வைன்லாண்டில் உள்ள தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் வெண்டி, நீளக் கத்தரி போன்றவற்றை இந்தக் குளிர்நாட்டில் எப்படி வளர்ப்பது என்று ஆராய்ந்திருக்கிறது. நாம் கேட்டு வாங்கினால்தான் விவசாயிகளும் துணிந்து நடுவார்கள்.

பீச், திராட்சை, ஸ்ரோபெரி எல்லாம் வாங்கும்போது நான் மறக்கக்கூடாது என்று நினைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. இவற்றைப் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி ஜமேக்கா, மெக்சிக்கோ போன்ற நாடுகளிலிருந்து பருவத்துக்கு வரும் தொழிலாளர்களின் கைகள். 1966இல் ஜமேக்காவிலிருந்து தொடங்கிய திட்டம் அது. வருடத்தில் எட்டு மாதம் வரை வேலை, பிறகு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. வருடக்கணக்காக வந்துபோகிறவர்களுக்கும் அந்தத் திட்டத்தால் நிரந்தர வதிவிடம் கிடைப்பதில்லை. இந்த நாடு நம்மை இருக்க விட்டது. நமக்குப் பழம் பறித்துத் தருகிறவர்களை அப்படி விடவில்லை. இது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன், பேச்சு வரும் இடங்களில் சொல்லவும் செய்கிறேன்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். பேரம் பேசும் பழக்கம் இங்கே இல்லை. ஆனால் முடிகிற நேரத்தில் சிலர் தாங்களாகவே விலையைக் குறைப்பார்கள். தழும்பு விழுந்த இரண்டாம் தரத் தக்காளியைப் பெரிய கூடையாகக் கேட்டால் மலிவாகத் தருவார்கள், குழம்புக்கு அது போதும். பீச்சில் கொட்டை சதையோடு ஒட்டாத வகை ஆவணிப் பக்கம்தான் வரும். பழப்பாகு காய்ச்ச நினைப்பவர்கள் அதுவரை பொறுங்கள். சோளப்பொத்தியை வாங்கிய அன்றே அவித்துவிட வேண்டும். பிடுங்கியதிலிருந்து அதன் இனிப்பு மாவாக மாறிக்கொண்டே போகும்.

பல சந்தைகள் ஐப்பசியோடு மூடிவிடும். செயின்ற் லோறன்ஸ் மாரியிலும் நடக்கும். பழைய செங்கல் தொழிற்சாலையில் கூடும் பிறிக் வேர்க்ஸ் சந்தையும் அப்படித்தான். மாசி மாதத்தில் போனால் கரட், பீற்றூட், வெங்காயம், உள்ளி, அப்பிள் இவ்வளவும்தான் இருக்கும். கூட்டம் குறைவு, விவசாயிகளுக்கும் கதைக்க நேரம் இருக்கும். வைகாசியில் அஸ்பராகஸ், ஆனியில் ஸ்ரோபெரி எந்த வாரம் வரும் என்பதை அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம். கலலூ விதை எங்கே வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள், பின்வளவில் கொஞ்சம் இடம் இருந்தால் போடலாம்.