மாவுக்கட்டுக்காரன்

என்னிடம் இரண்டு கச்சேரிகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. திருட்டுப் போகவில்லை, டேப் அறுந்துபோகவில்லை. அத்தை உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

அத்தையைப் பற்றி, அதாவது என் மாமியாரைப் பற்றி, நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சீரியலில் கதாநாயகி மாடிப்படி ஏறும்போது பச்சை வளையல், இறங்கும்போது சிவப்பு வளையல் என்று கண்டுபிடித்து, டைரக்டரை அன்று முழுக்க வைதுகொண்டிருக்கிற ஆள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கூர்மை இன்னும் கூடிவிட்டது. இத்தனை நாள் சீரியல்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்த அடி இப்போது என் பக்கம் திரும்பியிருக்கிறது.

அமெரிக்க ஹெவி மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவின் மேடை வீடியோக்களைச் சேர்ப்பது என் வேலை. வேலை என்று நான் சொல்கிறேன், வீட்டில் வேறு பெயர்கள் உண்டு. புடவை இருக்க வேண்டிய தட்டில் விஹெச்எஸ் கேசட், போர்வை இருக்க வேண்டிய தட்டில் அதை ஓட்டுகிற இரண்டு பழைய விசிஆர். ஒன்று ஓட, இன்னொன்று அதற்கு உதிரிபாகம் கொடுக்க. உலகத்திலேயே கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016இல் கடையைக் கட்டிவிட்டது. அன்றைக்கு நான் துக்கம் விசாரிக்க வேண்டிய முகத்தோடு உட்கார்ந்திருந்ததை என் மனைவி இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுகிறாள்.

அதிகாரபூர்வமாக வெளிவந்த டியோ வீடியோக்களை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். 1977 அக்டோபர் 20, மியூனிக், டியோ அப்போது பாடிக்கொண்டிருந்த ரெயின்போ குழு. வியன்னாவில் கச்சேரிக் காவலாளியோடு கைகலப்பு நடத்திவிட்டு லாக்கப்பில் இருந்த கிடாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் வெளியே வந்து வாசித்த ராத்திரி அது. ஜெர்மன் டிவி படம் பிடித்தது, 2006இல் டிவிடியாக வந்தது. 1980இல் நியூயார்க் பக்கம் நாசாவ் கொலீசியத்தில் பிளாக் சாபத் குழுவோடு பாடியது. ஃபிலடெல்ஃபியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில் 1984இல் ஒன்று, 1986 ஜூன் 17இல் இன்னொன்று. இதெல்லாம் நாலைந்து கேமரா, நல்ல வெளிச்சம், பாடகருக்கு மூக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது.

நாங்கள் தேடுவது மூக்கு இல்லாத வகையறா. கூட்டத்தில் நின்ற யாரோ ஒருவர் கோட்டுக்குள் கேமராவை ஒளித்துக் கொண்டுபோய் எடுத்தது. கோட்டுக்குள் என்றால் இன்றைய போன் இல்லை. சோனி 1983இல் விட்ட பீட்டாமூவி கேமராவைத் தோளில்தான் தூக்க வேண்டும். அதில் பதிவு பண்ணலாம், பண்ணியதை அதிலேயே போட்டுப் பார்க்க வழி கிடையாது. அடுத்த வருஷம் ஜேவிசி கொஞ்சம் சின்னதாக ஒன்று கொண்டுவந்தது. அதற்கான குட்டிக் கேசட் 20 நிமிஷம்தான் ஓடும். காவலாளி வருகிறானா என்று ஒரு கண், டேப் தீர்ந்துவிட்டதா என்று ஒரு கண், மிச்சம் இருந்தால் மேடை. இப்படி எடுத்த படத்தை ஒருவர் நகலெடுத்து, அந்த நகலை இன்னொருவர் நகலெடுத்து, மூன்றாவது தலைமுறையில் நமக்கு வந்து சேரும்போது சிவப்பு விளக்கு மேடையை விட்டு வழிந்து கூட்டத்தின் மேல் கொட்டிக்கொண்டிருக்கும். டியோ அதற்கு நடுவில் ஒரு நீளமான புள்ளி. அவரே அப்படி ஒன்றும் உயரமில்லை.

அந்தப் புள்ளிக்காக நான் பல மாதம் ஒருவரிடம் கெஞ்சினேன். ஐரோப்பாவில் இருக்கிறார், பெயர் வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் அவருக்குப் பூதம் என்று பெயர். புதையலைக் காக்கிற பூதம் தானும் அனுபவிக்காது, அடுத்தவரையும் விடாது. இவர் வீட்டில் ஓர் அறை நிறைய டேப்பாம். பூஞ்சை பிடித்தாலும் பிடிக்கட்டும், பகிர்ந்தால் அருமை குறைந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். கேட்டால் 'பிறகு பார்க்கலாம்' என்ற ஒரே வரி. கடைசியில் என்னிடம் இருந்த நல்ல ரெயின்போ நகல் ஒன்றைக் கொடுத்து அவரிடமிருந்து ஒன்றே ஒன்று வாங்கினேன். உறையில் '1986, ஐரோப்பா, தரம் ஏ மைனஸ்' என்று இருந்தது. தரம் என்பது கொடுப்பவர் சொல்வதும் வாங்குபவர் விழுங்குவதும். ஏற்கெனவே என் கையில் இருந்தது '1985, அமெரிக்கா'. ஆக டியோவின் 'சேக்ரட் ஹார்ட்' ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சக சேகரிப்பாளர்கள் நாலு பேருக்கு லேசாகப் பொறாமை வரும்படி செய்தியும் அனுப்பியாயிற்று.

அத்தை இதற்குள் எப்படி வந்தார் என்றால், டிராகன் வழியாக. அந்தச் சுற்றுப்பயணத்து மேடையில் டியோ ஒரு பெரிய இயந்திர டிராகனோடு வாள் சண்டை போடுவார். ஸ்பெக்ட்ரம் டிவிடி ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை கூடத்தைக் கடந்து போனார். போனவர் நின்றார். "இது என்ன மாப்பிள்ளை, முதலையா?" என்று கேட்டார். டிராகன் என்றேன். "வாயத் திறக்குது, ஆனா நகர மாட்டேங்குதே. பாவம், அவர்தான் சுத்திச் சுத்தி வரார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எண்பதுகளின் மெட்டல் மேடை அமைப்பைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அப்புறம் விரல் விஷயம் வந்தது. ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காட்டுவாரே, மெட்டல் ரசிகர்கள் எல்லாரும் இன்று காட்டுகிற அந்தக் கொம்பு. பேய் கீய் கும்பிடுகிறவரோ என்று அத்தைக்குச் சந்தேகம். அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணேறு படாமல் இருக்கக் காட்டுகிற சைகை அது, பாட்டியிடம் பார்த்ததைத்தான் மேடைக்குக் கொண்டுவந்ததாக அவரே சொல்லியிருக்கிறார் என்றேன். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாட்டி பேச்சைத் தட்டாத பிள்ளை" என்று சான்றிதழ் கொடுத்தார். இந்த வீட்டில் எந்தப் பேரனுக்கும் இதுவரை கிடைக்காத சான்றிதழ். தொண்டை கிழியக் கத்துகிறாரே, மூச்சு முட்டாதா என்று அடுத்த கேள்வி. பாட்டு வகுப்புக்கே போகாதவர், சின்ன வயதில் டிரம்பெட் ஊதிப் பழகிய மூச்சை வைத்துத்தான் பாடுவதாகச் சொல்லிக்கொண்டவர் என்றதும், டிவி பார்த்துக்கொண்டிருந்த சின்னவனைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியாடா?" என்றார். பாதியில் விட்ட அவன் கீபோர்டு வகுப்பு அந்தக் 'கேட்டியாடா'வில் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூதத்தின் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இது ஓடுகிற நேரத்துக்குத்தான் ஏறும், அவசரப்படுத்த முடியாது. அத்தை பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இது அன்னிக்கே போட்டுக் காமிச்சதுதானே?"

"இல்ல அத்தை, அது அமெரிக்கா. இது ஐரோப்பா. அது 85, இது 86."

"அப்ப இந்தக் கட்டுக்காரப் பையன் பிளேன் ஏறி வந்தானா?"

எந்தக் கட்டுக்காரன்? திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்துக் காட்டினார். மேடைக்கும் கேமராவுக்கும் நடுவில், இடது ஓரம், ஒரு சுருட்டைத் தலை. எல்லாரும் சுருட்டைத் தலையாக இருந்த காலத்தில் அது ஒரு அடையாளமே இல்லை. ஆனால் டியோ கொம்பு காட்டும்போதெல்லாம் அந்தத் தலைக்குப் பக்கத்தில் ஒரு கை எழும்புகிறது. முழங்கை வரை வெள்ளை மாவுக்கட்டு. கட்டின் நுனியிலிருந்து ஆள்காட்டியும் சுண்டுவிரலும் மட்டும் எட்டிப்பார்க்கின்றன. கட்டில் கறுப்பு மையால் ஏதோ கிறுக்கியிருக்கிறது, மணிக்கட்டுப் பக்கம் ஓர் ஓரம் பிய்ந்து தொங்குகிறது.

பழைய ஃபைலைத் திறந்தேன். அதே ஓரம், அதே தலை, அதே கட்டு, அதே பிய்ந்த இடம்.

"ஒரு வருஷமாவா கட்டு ஆறல?" என்றார் அத்தை, அப்பாவி மாதிரி.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். பாட்டுக்கு நடுவில் டியோ பேசுகிற பேச்சு ஒன்றேதான். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை டேப் மாற்றக் கேமரா கீழே போகிற இடங்களும் ஒன்றேதான். ஒரே ராத்திரி, ஒரே கேமரா, ஒரே தோள். ஒன்று 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 படம் ஓடுகிற அமெரிக்க என்டிஎஸ்சி. அதையே எவரோ 625 கோடு, நொடிக்கு 25 படம் ஓடுகிற ஐரோப்பிய பால் முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் டியோ கையை வீசும்போது கைக்குப் பின்னால் இன்னொரு மங்கலான கை வருகிறது. ஐரோப்பாவுக்குப் போனது டேப், டியோ இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் வழியில் லேபிளையும் மாற்றிவிட்டார். 85 என்பதும் இனி நிற்காது. அந்த வருஷம் கிடார் விவியன் காம்ப்பெல். அடுத்த வருஷம் அவர் போய் க்ரெய்க் கோல்டி வந்துவிட்டார். இரண்டு நகலிலும் கிடாரிஸ்ட் தலைமுடி மட்டும்தான், ஆனால் நடுவில் டியோ அவர் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்கிறார். பழைய நகலில் அந்த இடத்தில் இரைச்சல், பூதத்தின் நகலில் தெளிவாகக் கேட்கிறது: கோல்டி. ஆக 86.

இதில் ஒரு லாபம் உண்டு என்று யாராவது ஆறுதல் சொல்லலாம். பழையதில் முதல் பாட்டு இல்லை, புதியதில் கடைசிப் பாட்டு இல்லை, இரண்டையும் ஒட்டினால் கச்சேரி முழுசு. முழுசு என்றால், வின்னி அப்பீஸின் டிரம் தனி ஆவர்த்தனம் இரண்டிலும் ஒரு தட்டுக் குறையாமல் இருக்கிறது. டிராகன் சண்டை வருகிற நேரத்தில் மட்டும் காவலாளி வந்திருக்கிறான், கேமராக்காரர் கேமராவை ஜாக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டுவிட்டார். டிராகன் உறுமுகிறது, கூட்டம் கூச்சலிடுகிறது, திரையில் ஜாக்கெட்டின் உள்துணி. அருமையான ஒலியில் இருட்டு.

மச்சான் மகன் இதைக் கேள்விப்பட்டு உதவிக்கு வந்தான். ஏதோ ஒரு செயலியில் போட்டு எல்லாவற்றையும் 4கே ஆக்கித் தருகிறானாம். ஒரு துண்டு பண்ணியும் காட்டினான். டியோவுக்கு மூக்கு வந்துவிட்டது. யாருடைய மூக்கு என்றுதான் தெரியவில்லை. கொம்பு காட்டுகிற கையில் மூன்று கொம்பு. மாவுக்கட்டு வெள்ளைச் சட்டைக் கையாக மாறிவிட்டது, கிறுக்கல், பிய்ந்த ஓரம் எல்லாம் சுத்தமாகத் துடைத்தாயிற்று. அத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "யாருடா இவன்?" என்றார். டியோ 2010 மே 16 அன்று போய்ச் சேர்ந்த பிறகு, 2016இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் அவரை ஹோலோகிராமாக மேடையேற்றினார்கள். அதையும் பையன் போட்டுக் காட்டினான். "இதுக்கு மாப்பிள்ளையோட மங்கலே தேவல" என்று அத்தை சொன்னதுதான் இத்தனை வருஷத்தில் என் சேகரிப்புக்கு இந்த வீட்டில் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் என் பார்வை கெட்டுவிட்டது. டியோவைப் பார்க்க முடியவில்லை, கூட்டத்தைத்தான் பார்க்கிறேன். நாலாவது பாட்டில் ஒருவன் இன்னொருவனைத் தோளில் தூக்குகிறான். ஒரு பெண் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரையோ தேடுகிறாள், கண்டுபிடித்தாளா என்று தெரிவதற்குள் டேப் மாறிவிடுகிறது. இவர்களெல்லாம் இப்போது தாத்தா பாட்டியாக இருப்பார்கள். அத்தைக்கு மாவுக்கட்டுக்காரனைப் பற்றித்தான் கவலை. கையை ஒடித்துக்கொண்டு இந்தக் கும்பலில் இடிபட வந்திருக்கிறானே, வீட்டில் கேட்பார் இல்லையா, எலும்பு நேராகக் கூடியதா, கோணலாகக் கூடியதா? அந்தச் சுற்றுப்பயணத்தின் அடுத்தடுத்த ராத்திரிகளைத் தேடச் சொல்கிறார். கட்டுப் பிரித்த கையோடு எங்காவது நிற்பானாம்.

பூதத்துக்கு ஆத்திரத்தோடு எழுதினேன். ஏமாற்றிவிட்டீர்கள், இரண்டும் ஒரே ராத்திரி, ரெயின்போ நகலைத் திருப்பிக் கொடுங்கள் என்று. யார் சொன்னது என்று கேட்டார். மாமியார் என்றேன். ஆதாரம் கேட்டார். மாவுக்கட்டை வட்டம் போட்டுப் படமாக அனுப்பினேன்.

நேற்று பதில் வந்தது. மன்னிப்பு, ரெயின்போ பற்றி ஒரு சொல் இல்லை. அவரிடம் லேபிள் உதிர்ந்துபோன டேப் ஒரு பெட்டி இருக்கிறதாம். எது எந்த ராத்திரி என்று அவருக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புகிறாராம், அம்மா பார்த்துச் சொல்வார்களா என்று கேட்கிறார். என்னை ஒற்றை வரியில் விரட்டிக்கொண்டிருந்த மனிதர், அம்மாவின் உடல்நலத்தை முதல் பத்தியில் விசாரித்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: அம்மா மட்டும்தான் பார்க்க வேண்டும், நான் நகலெடுக்கக் கூடாது, பார்க்கவும் கூடாது.

படித்துக் காட்டினேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரின்னு எழுதுங்க மாப்பிள்ளை. நான் பாக்கறப்ப நீங்க அந்த ரூம் பக்கம் வராதீங்க. வாக்குன்னா வாக்கு."

கதவுக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்டுக்கொள்ளலாமாம். அதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லையே என்கிறார்.