சிரித்த முகம், தகுதிக்கேற்ற சம்பளம்

ராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பத்திர நகல் எல்லாம் வரும். நடுநடுவே வாரம் தவறாமல் வருவது 'ஆட்கள் தேவை' நோட்டீஸ். முன்பெல்லாம் பசை தடவிச் சுவரில் ஒட்டுவார்கள். இப்போது அடித்ததைப் படமாக்கி வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுகிறார்கள்.

அடித்து அடித்து எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுப் போனது. முதலாளிகள் சொல்ல விரும்பாததை எல்லாம் வேலைக்கு வருகிறவரின் குணமாக மாற்றி எழுதச் சொல்கிறார்கள். 'பொறுமையான பெண் தேவை' என்றால் அந்த இடத்தில் யாரோ கத்துவார்கள் (பெரும்பாலும் முதலாளியேதான்). 'குடும்பப் பாங்கான' என்றால் சம்பளம் கூட்டிக் கேட்கக் கூடாது. 'சொந்த வேலைபோல் நினைப்பவர்' என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. 'துடிப்பான இளைஞர்' என்றால் வசூலுக்கு அலைய வேண்டும், பெட்ரோல் அவன் காசு. 'நல்ல குடும்பத்துப் பிள்ளை' என்று போடச் சொல்கிறவர்கள், ஆள் வந்து நின்றதும் எந்த ஊர், எந்தத் தெரு என்றுதான் ஆரம்பிப்பார்கள். படிப்பு அதற்கு அப்புறம். இந்தக் கடைசி வகை நோட்டீஸை அடிக்கும்போது மட்டும் எனக்கு எரிச்சலாக வரும்.

ஆடி அமாவாசைக்கு முன்னால் ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். 'வரவேற்பறைக்குச் சிரித்த முகத்துடன் பழகக்கூடிய, 18 முதல் 25 வயதுக்குள், திருமணமாகாத பெண் தேவை.' அடித்துக்கொண்டே ஷிப்ட் நேரம் கேட்டேன். ராத்திரி எட்டுக்கு உட்கார்ந்தால் காலை எட்டு. விடிவதற்குள் அக்னி தீர்த்தத்துக்குப் போயாக வேண்டும் என்று ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும் கூட்டம், பாதிப் பேருக்கு இந்தி தவிர வேறு பேச்சு கிடையாது. ரூம் இல்லை என்றால் கவுண்டரில் சண்டை. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வந்து சுடுதண்ணீர் கேட்பார்கள். இதற்கு நடுவில் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

"இதுக்குச் சிரிச்ச முகம் எதுக்குண்ணே? இந்தி தெரிஞ்சு, கூட்டத்தைச் சமாளிக்கிற ஆள்தானே வேணும்?"

"அது சரிதாம்மா. கல்யாணம் ஆனவங்கன்னா ராத்திரி வர மாட்டாங்களே."

"ஆகாத பிள்ளைய மட்டும் எந்த வீட்ல ராத்திரி அனுப்புவாங்க?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் 'இந்தி பேசத் தெரிந்தவர் தேவை, இரவுப் பணி' என்று அடித்துக்கொண்டு போனார். அவர் எடுத்தது, மும்பையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அக்காவை. காலேஜ் போகிற மகன் இருக்கிறான். கவுண்டரில் அந்த அக்கா சிரிப்பதே இல்லையாம், ஆனால் வாடகை பாக்கி என்று ஒரு பைசா நிற்பதில்லையாம்.

கல்யாண விஷயம் சின்ன லாட்ஜோடு நிற்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டு, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்கும் அளவுக்குப் போனது. பிறகு, ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளின் விளம்பரங்களில் வயது, பாலினம், கல்யாண விவரம் எதுவும் வரக்கூடாது என்று சொல்லப்பட்டதாக ராய்ட்டர்ஸே எழுதியது. விளம்பரத்தில் எடுத்துவிட்டால் நேர்காணலில் போய்விடுமா என்பது வேறு கேள்வி.

மண்டபம் பக்கத்து இறால் கம்பெனி ஒன்றின் நோட்டீஸ் அடிக்கடி வரும். மேலே 'இறால் உரிக்கப் பெண்கள் தேவை'. கீழே 'சூப்பர்வைசர்: ஆண், தலைமைப் பண்பு உள்ளவர்'. உரிக்கிறவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. ஐஸில் கிடந்த இறாலைத் தொட்டுத் தொட்டு விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஒரு கை அள்ளியதுமே கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று சொல்லிவிடும் ஆட்கள் அவர்கள், இறாலுக்கு விலை வைப்பதே அந்தக் கணக்கில்தான். புதிதாக வரும் சூப்பர்வைசர் தம்பி அதை அவர்களிடம்தான் கற்றுக்கொள்கிறார். தலைமைப் பண்பு என்ற வரியை அடிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

ஆங்கில விளம்பரங்களில் இது வேறு மாதிரி நடக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆண்களுக்கான வேலை, பெண்களுக்கான வேலை என்று செய்தித்தாளில் தனித்தனிப் பத்தியே இருந்தது. அதைத் தடுத்த பிட்ஸ்பர்க் நகரச் சட்டம் செல்லும் என்று 1973-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தி போய்விட்டது, பேச்சுத் தோரணை போகவில்லை. டேனியல் கௌச்சர், ஜஸ்டின் ஃப்ரீசன், ஆரன் கே மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் நிறைந்த துறைகளின் விளம்பரங்களில் போட்டி, ஆதிக்கம், தலைமை மாதிரியான சொற்கள் அதிகம் இருந்ததைக் காட்டினார்கள். அந்த மாதிரி விளம்பரங்களைப் படித்த பெண்களுக்கு வேலைமேல் ஆசை குறைந்தது. தங்களுக்குத் திறமை போதாது என்று அவர்கள் நினைக்கவில்லை, அந்த இடம் நமக்கு ஒட்டாது என்று நினைத்தார்கள்.

நம் ஊரில் ஆண், பெண் என்று போடுவதற்கு யாரும் கூச்சப்படுவதே இல்லை, அது பட்டவர்த்தனம். ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்ணுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. என் மேசைக்கு வந்த எந்த முதலாளியும் இதைக் கேள்விப்பட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. இங்கே மறைப்பது சம்பளத்தையும் நேரத்தையும்தான்.

மீன் லாரி டிரைவர் நோட்டீஸையும் சொல்ல வேண்டும், ஆண்களுக்கும் இதே கதைதான். 'குடிப்பழக்கம் இல்லாத, பொறுப்பான, நிதானமான டிரைவர்.' சாயங்காலம் ஐஸ் போட்ட லோடு ஏற்றினால் விடிவதற்குள் கேரள மார்க்கெட்டில் நிற்க வேண்டும், மாற்று டிரைவர் கிடையாது என்பது நோட்டீஸில் வராது. தூங்காமல் ஓட்ட வேண்டும் என்பதற்கு நிதானம் என்று பெயர்.

'கடின உழைப்புக்கு அஞ்சாத ஆண்கள்' என்று யாராவது போடச் சொன்னால் எனக்குப் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் நினைவு வரும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாறையில் இருந்து பாசி பறித்து வருகிறார்கள். அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் சீகாலஜி விருதே 2015-இல் கிடைத்தது. அந்த வேலைக்கு இதுவரை யாரும் என்னிடம் நோட்டீஸ் அடிக்க வந்ததில்லை.

போன வாரம் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் வந்தார். அழகாகப் பேசும், அடக்கமான, சுறுசுறுப்பான, இன்முகமான சேல்ஸ் பெண்கள் தேவை. கீழே வழக்கம்போல 'தகுதிக்கேற்ற சம்பளம்'. இந்தக் குணமெல்லாம் வேண்டாமே என்றேன்.

"அதையெல்லாம் எடுத்துட்டா நோட்டீஸ்ல என்னம்மா மிச்சம் இருக்கும்?"

"நேரம், லீவு, சம்பளம் போடலாம் அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நேரத்தை மட்டும் போடும்மா."